சிரிக்காதே என்று சொன்னவள்

ஜெரோம்,

எத்தனை ஆபீசுக்கு எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. நம் தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். உனக்கு மட்டும் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு எதற்கு லெட்டர் என்று நீ கேலி செய்வாய். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் "சாப்ட்டியா" என்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. மாதா கோயிலுக்குப் போவதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் ராயபுரத்திலிருந்து வந்திருந்தார்கள்; எல்லோரும் உட்கார்ந்து, யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று பேர் எழுதிக்கொண்டிருந்தோம். நான் நிர்மலா என்று ஒரு பேர் சொன்னேன். உன் முகம் மாறிவிட்டது. "அந்தப் பொம்பள வந்தா நான் கோயிலுக்குள்ளவே வர மாட்டேன். என் மூச்ச வித்துப் பேர் வாங்குனவ அது" என்றாய். சம்பந்தியம்மா யார் என்ன என்று விசாரித்தார்கள். நீ சொன்னாய். ஐந்து வயதில் கெமிக்கல் கம்பெனி கேஸ் அடித்து நீ மூச்சுக்குத் திணறியது, படம் எடுக்க வந்த அந்தப் பெண் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் சுவரோரம் நிற்க வைத்தது, சிரிக்காதே என்று அதட்டியது, படம் எடுத்த பிறகுதான் விட்டது. சம்பந்தியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பொம்பளையா இருந்துகினு எப்டிம்மா அதுக்கு மனசு வந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரை அவர்கள் கையில் கொடுத்து, "இன்னா பண்றது, அதுங்கள்லாம் அப்டித்தான்" என்றேன்.

அப்படிச் சொன்ன வாயை எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியாமல் இருக்கிறேன். உனக்கு நான் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் உனக்கும் புரியும், எனக்கும் தப்பிக்க வழி இருக்காது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோதே நம் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். மணலிக் கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கண் எரியும், குழந்தைகளுக்கு மூச்சு இழுக்கும், கொடியில் காயப்போட்ட துணி கறுத்துப்போகும். ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினோம். ஒரு அதிகாரி நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாத்தத்தை ஃபைல்ல வைக்க முடியாதேம்மா. ஏதாவது ஆதாரம் கொண்டு வாங்க" என்றார். அந்த ஆதாரம் என்ற சொல் எங்களைப் பிடித்துக்கொண்டது. காற்றை யார் பிடித்துக் காட்டுவது? உனக்கு மூன்று வயது ஆனபோது, யாரோ சொல்லித்தான் நிர்மலாவைக் கூப்பிட்டோம். அடையாறு பக்கத்துப் பெண். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ரெண்டு பஸ் மாறி, தோளில் பெரிய பையோடு வந்து இறங்கினாள். மூன்று மாதம் வந்துபோனாள். கேமராவை வெளியே எடுத்தது கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்தாள்.

கடைசியில் ஒரு நாள் எல்லோரையும் படம் எடுக்கிறேன் என்றாள். இங்கேதான் நாங்கள் ஒரு கூத்து பண்ணினோம். படம் என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? குளித்து, தலை வாரி, பூ வைத்து, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நிற்போம். திருநாளுக்கு எடுத்த புடவையை எடுத்துக் கட்டினோம். பிள்ளைகளுக்கெல்லாம் கழுத்துவரை பவுடர். கேமராவைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று எங்கள் குழுவில் இருந்த எதிர்வீட்டு எஸ்தர் உங்களுக்கெல்லாம் பாடமே நடத்தினாள். அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு அதே அதிகாரியிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாரும் நல்லாத்தானேம்மா இருக்கீங்க? கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு பியூன்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் எல்லோரையும் பிடித்துக் கத்தினேன். "இனிமே போட்டோன்னா எவளும் பவுடர் போடக் கூடாது, பல்லக் காட்டக் கூடாது" என்றேன். எஸ்தர் விடவில்லை. "மூஞ்சியக் கலீஜா வெச்சினு எவளாவது போட்டோவுக்கு நிப்பாளா? நம்மள இன்னான்னு நெனச்சுக்கினே நீ?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் அவளுடைய மானம்தான் எங்கள் காரியத்தைக் கெடுக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நிர்மலாவிடம் போய், அழுகிற மாதிரி எடு, கஷ்டம் தெரிகிற மாதிரி எடு என்று சொன்னேன். அவள் அந்தப் பவுடர் படங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இதுதான்க்கா நல்ல படம். அவங்க எப்படித் தெரியணும்னு நினைக்கிறாங்களோ அப்படி இருக்காங்க" என்றாள். படித்த பெண்ணுக்கு இவ்வளவு அசட்டுத்தனமா என்று நினைத்தேன். அசடு அவளில்லை என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அப்புறமும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். உனக்கு ஐந்து வயது நடந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு மணிப் பூசைக்கு உன்னைக் கிளப்பி, வெள்ளைச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு வாசலில் உட்கார வைத்திருந்தேன். அப்பா ஹார்பரில் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். எஸ்தர் வீட்டுப் பம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று அதைப் படம் எடுக்க நிர்மலா வந்திருந்தாள். தெரு முனையில் அவள் வந்த ஆட்டோ நின்றிருந்தது. காற்று திரும்பியது. முதலில் கண்ணில் மிளகாய் போட்ட மாதிரி ஒரு எரிச்சல். ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அடுக்களையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் உனக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

ஜெரோம், இனிமேல் எழுதப்போவதை நிதானமாகப் படி. உன்னை முதலில் தூக்கியது நானில்லை. நிர்மலாதான். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உன்னை அள்ளிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எடு. மொதல்ல போட்டோ எடு."

"அக்கா, குழந்தைக்கு மூச்சு வரல. ஏறுங்க அக்கா."

"எத்தினி வருசமா நடந்துகினு கீறோம். இன்னிக்கு நீ எடுக்கலேன்னா நாளைக்கு இப்டி ஒண்ணு நடக்கவே இல்லேம்பானுங்க. ஒண்ணே ஒண்ணு எடு."

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவள் கையிலிருந்து உன்னைப் பிடுங்கினேன். சுவரோரம் நிற்க வைத்தேன். எஸ்தர் ஓடிவந்து பையை எடுத்துக் கொடுத்தாள். எடுக்காமல் நான் விட மாட்டேன் என்று தெரிந்து நிர்மலா கேமராவை வெளியே எடுத்தாள். உன் முகத்தில் பவுடர் வெள்ளையாக அப்பியிருந்தது. ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று அந்த அதிகாரி சிரித்தது எனக்கு அப்போது, அந்த நேரத்திலும், ஞாபகம் வந்தது. முந்தானையை எச்சில் பண்ணி உன் முகத்தை அழுத்தித் துடைத்தேன். நீ கேமராவைப் பார்த்தாய். கேமரா என்றால் சிரிக்க வேண்டும் என்றுதானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். மூச்சு விட முடியாத பிள்ளை நீ, நிர்மலாவுக்காகச் சிரிக்கப் பார்த்தாய். "சிரிக்காதடா" என்று அதட்டினேன். அதட்டியது நான். நீ இத்தனை வருஷமாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிற குரல் என்னுடையது.

அவள் ஒரே ஒரு படம் எடுத்தாள். கை நடுங்கியதால் ஒரு ஓரம் கலங்கிப் போயிருக்கும், நீயும் பார்த்திருப்பாய். அந்தக் கலங்கல்தான் அந்தப் படத்தின் அழகு என்று பிற்பாடு ஒரு பெரிய மனிதர் மேடையில் பத்து நிமிஷம் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் உனக்கு மாஸ்க் வைத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் நிறுத்தியது மூன்று நிமிஷமா, ஐந்து நிமிஷமா? அதனால்தான் உன் நெஞ்சு இப்படி ஆனதா, எப்படியும் ஆகியிருக்குமா? நீ இன்ஹேலரை உறிஞ்சுகிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி எனக்கு வரும்.

அப்பா ஹார்பரிலிருந்து கையில் கிரீஸோடு அப்படியே ஓடிவந்தார். டாக்டர் சொன்னதை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "இன்னாடி லேட்டு? இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று கேட்டார். அவர் கை நீட்டுகிற மனுஷன் இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் பயந்துவிட்டேன். நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். நிர்மலா கடையிலிருந்து எனக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வார்டுக்குள் வந்தாள். நான் அவளைக் கை காட்டி, "இதுதான் போட்டோ எடுத்துகினு நின்னுச்சு" என்றேன். எத்தனையோ பேருக்காகச் சாட்சி சொன்னவள் நான். என் சொந்த வீட்டு விஷயத்தில் சொன்ன ஒரே சாட்சி பொய்சாட்சி.

அப்பா அத்தனை பேர் முன்னாலும் அவளை என்னென்னவோ பேசினார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் உன் மாஸ்க்கைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். டீயையும் பன்னையும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எஸ்தருக்கு எல்லாம் தெரியும். சாகிறவரைக்கும் என் முகத்துக்காக வாயைத் திறக்கவில்லை.

பேப்பரில் படம் வந்தது. ஊரே பேசியது. கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடினார்கள். டாக்டர்கள் வந்து முகாம் போட்டு நம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தார்கள். எஸ்தரின் மகள் பிழைத்தது அந்த முகாமில்தான். அதனால் அந்தப் படம் வீண் என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னால் அதுவும் பொய். பிறகு கம்பெனி கேட்டுக்கு வேறு பெயிண்ட் அடித்து, வேறு பேர் எழுதி, திறந்துவிட்டார்கள். பேர்தான் புதிது, நாற்றம் பழசு.

உன்னை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். இவன்தான் அந்தப் பிள்ளை என்று மேடையில் தூக்கி நிறுத்தினேன். பார்க்க வந்தவர்கள் அதே சுவரோரம் நிற்கச் சொன்னால் போய் நில்லுடா என்றேன். பள்ளிக்கூடத்தில் உனக்குப் போட்டோ பையன் என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, நல்ல பேர்தானே என்றேன். எனக்குப் பொன்னாடை போட்டார்கள், வீரத்தாய் என்றார்கள். ஊருக்காக உழைக்கிற பெண்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும். உனக்கு ஏழு வயதிருக்கும்போது, தலை வாரிக்கொண்டிருந்த என்னிடம், "அந்தம்மாதானம்மா என்ன சிரிக்காதேன்னு சொல்லிச்சு?" என்று கேட்டாய். "உம்" என்றேன். இரண்டே எழுத்தில் ஒரு பெண்ணை உன் மனசில் கொன்றுவிட்டேன்.

அவளை வெளியிலும் யாரும் விடவில்லை. போகிற கூட்டத்திலெல்லாம், படம் எடுப்பதற்கு முன்னால் குழந்தையைத் தூக்கியிருக்கக் கூடாதா, நீங்களும் ஒரு பெண்தானே என்று கேட்டார்கள். போரையும் பஞ்சத்தையும் படம் எடுத்த எந்த ஆம்பிளையிடமாவது, ஆம்பிளையாக இருந்துகொண்டு எப்படி மனசு வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அவள் பதில் ஒன்றுதான். "தப்புதான்" என்பாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தது யார் என்று அவள் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நம் மனுவெல்லாம் நாடகம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் வாயை மூடியிருந்ததில் நம் தெரு பிழைத்தது.

அப்பா தவறிப்போன மறுவருஷம் அவளைத் தேடிக்கொண்டு போனேன். பாத்திரக் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொடுத்துப் பிழைக்கிறாள். அறை முழுக்கக் குக்கரும் குத்துவிளக்கும். மனுஷங்களை எடுப்பதில்லையா என்று கேட்டேன். "குக்கருக்கு மூச்சு முட்டினா விசில்தான்க்கா அடிக்கும்" என்று சிரித்தாள். உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். அவள் எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "வேண்டாம்க்கா. என்னை வெறுத்தா ஜெரோமுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்களை வெறுத்தா அவனுக்கு யார் இருக்கா?" என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல்காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுக்குள் செய்த தப்பை வெளியாள் தலையில் கட்டாதே. அவள் எப்படியும் போய்விடுவாள் என்று சுலபமாகத் தோன்றும். போவாள். ஆனால் நீ பொய் சொல்லிக் காப்பாற்றிய வீட்டில், அந்தப் பொய்யோடு நீதான் குடித்தனம் நடத்த வேண்டும். உன் பெண்டாட்டியிடம் உன் நெஞ்சு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடு. நான் செய்ததையும் சேர்த்துச் சொல்.

நீ ஒன்று கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலை திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று. இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்ததற்குக் காரணமே அந்தக் கேள்விதான். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று எழுதினால் உனக்கும் ஆறுதலாக இருக்கும். எஸ்தரின் மகள் இப்போது ரெண்டு பிள்ளைக்குத் தாய். காலையில் அவளைத் தண்ணீர்க் குடத்தோடு பார்க்கும்போதெல்லாம் அந்தப் படம் இல்லையென்றால் இவள் இல்லை என்று தோன்றுகிறது. நான் திரும்பவும் எடு என்றுதான் சொல்வேனோ என்னவோ. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. உன்னிடம் இனிமேல் ஒரு பொய்யும் வேண்டாம் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாவிடம் நான் சொன்னதைத் திருத்த வேண்டும். குழுப் பெண்களுக்கும் தெரிய வேண்டும். அத்தனை பேர் முன்னால் கெடுத்த பேரை அறைக்குள் உட்கார்ந்து மீட்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உன் படத்தை ஊருக்குக் கொடுத்தபோது உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ சரி என்றால்தான் இது வெளியே போகும்.

நிர்மலாவின் பேர் எழுதிய கல்யாணப் பத்திரிகையை இதனோடு வைத்திருக்கிறேன். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இன்னொரு மனுதான். நீ கொடுத்தால்தான் அவளுக்கு அது அழைப்பு.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது, எல்லா அம்மாவும் செய்கிற மாதிரி உன் நெற்றியில் சிலுவை போட நான் கை நீட்டுவேன். நீ நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாய், குனிந்தால்தான் எனக்கு எட்டும். குனியச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

அம்மா